சிம்ப்யூட்டரின் பலகையைக் கெர்னலுக்கு எடுத்துரைத்தல்

கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978இல் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் ஆகிய ஊர்களை ஒட்டிய 332 ஏக்கர் நிலத்தில் பெங்களூருவின் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியபோது, மின்னணுத் தொழில் என்ற சொல் பெரும்பாலும் சுற்றுப்பலகைகளையும் கருவிகளையும் தயாரிக்கும் தொழிலையே குறித்தது. மென்பொருள் பின்னர்தான் வந்து அந்த வளாகத்தை நிறைத்தது. ஒசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து நாள்தோறும் அங்கே வேலைக்குச் செல்லும் தமிழர்களுள் ஒரு பகுதியினர், வன்பொருளும் மென்பொருளும் சந்திக்கும் மெல்லிய விளிம்பில் பணிபுரிகிறார்கள். அவர்களுடைய பேச்சில் ‘போர்டு பிரிங்-அப்’ என்று வழங்கும் வேலை, புதிதாக வந்த ஒரு பலகையில் இயங்குதளத்தை முதன்முதலாக உயிர்ப்பிப்பதாகும். அந்த வேலையின் பெரும்பகுதி நிரல் எழுதுவதில் கழிவதில்லை. பலகையில் எது எங்கே இருக்கிறது என்று இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலுக்குத் துல்லியமாக எடுத்துச் சொல்வதிலேயே கழிகிறது. பலகை புதியதாக இருந்தால் அதை வடிவமைத்தவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பலகை இருபது ஆண்டுகள் பழையதாக இருந்து, அதை வடிவமைத்த குழுவும் கலைந்துவிட்டிருந்தால், அந்த விவரிப்பே ஓர் ஆய்வாக மாறிவிடுகிறது.

கெர்னலுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். மையச் செயலியின் கட்டளைகள் அதற்குத் தெரியும், ஏனெனில் அது அந்தக் கட்டளைகளாலேயே ஆனது. செயலிக்கு வெளியே இருக்கும் எதையும், அதாவது திரை, விசைப்பலகை, தொடர் வாயில், கடிகாரம் போன்றவற்றை, அது தானாக அறியாது. ஒவ்வொரு சாதனத்தைப் பற்றியும் அதற்குக் குறைந்தது மூன்று செய்திகள் தேவைப்படுகின்றன: அந்தச் சாதனத்தின் பதிவகங்கள், அதாவது கட்டளைகளைப் பெற்று நிலையைத் தெரிவிக்கும் சிறு நினைவிடங்கள், எந்த முகவரியில் உள்ளன, சாதனம் செயலியின் கவனத்தை ஈர்க்க எந்தக் குறுக்கீட்டுக் கம்பியைப் பயன்படுத்துகிறது, அதற்கு வரும் கடிகாரத் துடிப்பின் வேகம் என்ன. பி.சி.ஐ., யு.எஸ்.பி. போன்ற பிற்காலப் பஸ்களில், அதாவது சாதனங்களைச் செயலியோடு இணைக்கும் தடங்களில், இந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது, ஏனெனில் அவற்றில் இணைந்த ஒவ்வொரு சாதனமும் தன்னைத் தயாரித்தவரின் எண்ணையும் தன் மாதிரி எண்ணையும் கேட்டவுடன் சொல்லிவிடும். பழைய வன்பொருளுக்கு இப்படித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வாய் கிடையாது.

1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி. இந்தக் குறையை எழுதப்படாத ஒப்பந்தத்தால் சமாளித்தது. முதல் தொடர் வாயில் 1016ஆம் முகவரியிலும் 4ஆம் குறுக்கீட்டிலும் இருக்கும் என்ற வழக்கம் அந்தக் கணினியையும் அதன் நகல்களையும் ஒட்டி நிலைபெற்றது. பின்னர் வந்த ஏ.டி. மாதிரியிலிருந்து விசைப்பலகைக் கட்டுப்படுத்தி 96, 100 ஆகிய முகவரிகளிலும், நாட்காட்டிக் கடிகாரம் 112, 113 ஆகியவற்றிலும் நிலைகொண்டன. ஐ.எஸ்.ஏ. என்னும் அந்தக் காலப் பஸ்ஸில் பிறர் செய்த அட்டைகளைச் செருகியபோதுதான் வழக்கம் போதாமல் போயிற்று. அட்டையின் முகவரியை அதிலுள்ள சிறு ஜம்பர்களை இடம் மாற்றி அமைத்தார்கள். கெர்னலோ ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்த்து எது பதில் தருகிறது என்று தேட வேண்டியிருந்தது. இந்தத் தேடல் ஆபத்தானது. வெறும் வாசிப்பே சில சாதனங்களின் நிலையை மாற்றிவிடும் என்பதால், என்.இ.2000 வலையட்டையைத் தேடிப் புறப்பட்ட கெர்னல் அதே முகவரியில் இருந்த வேறொரு அட்டையைத் தட்டிக் கணினியையே உறைய வைத்துவிடக்கூடும். இதற்காகவே லினக்ஸில் ‘ரிசர்வ்’ என்ற தொடக்க அளபுரு ஏற்பட்டது. குறிப்பிட்ட முகவரி வரம்பை எந்த டிரைவரும் தேடிப் பார்க்கக் கூடாது என்று பயனரே கெர்னலுக்கு அதன்வழி அறிவிக்கலாம். டிரைவர் என்பது ஒரு வகைச் சாதனத்தை இயக்கத் தெரிந்த கெர்னல் பகுதி. ஆக, பழைய வன்பொருளைப் பற்றிய முதல் விவரிப்புகளுள் ஒன்று, தொடக்கூடாத இடங்களின் பட்டியலாகவே அமைந்தது.

இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்னும் தரநிலை, கணினியின் ஃபர்ம்வேர், அதாவது பலகையிலேயே பதிக்கப்பட்டிருக்கும் தொடக்க மென்பொருள், தன் வன்பொருளை அட்டவணைகளாக எழுதிக் கெர்னலிடம் ஒப்படைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்த அட்டவணைகளில் பழமைக்கென்றே ஒதுக்கிய இடங்கள் உண்டு. பழைய பஸ் சாதனங்கள் உள்ளனவா, பழைய விசைப்பலகைக் கட்டுப்படுத்தி உள்ளதா, வி.ஜி.ஏ. திரை வன்பொருள் இல்லையா, நாட்காட்டிக் கடிகாரம் இல்லையா என்பவற்றை ஒவ்வொரு பிட்டாகச் சொல்லும் ஒரு புலம் அங்கே இருக்கிறது. பழைய கடிகாரத்தின் 0ஆம் குறுக்கீடு புதிய குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியில் 2ஆம் இடத்துக்கு மாறியிருக்கிறது என்று திருத்திச் சொல்லும் பதிவு இன்றளவும் பல கணினிகளில் காணப்படுகிறது. நாற்பது ஆண்டுப் பழைய கம்பி அமைப்பொன்றின் சுவடு இன்றைய மடிக்கணினியின் தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் வாசிக்கப்படுவது வியப்புக்குரியது.

ஆர்ம் வகைச் செயலிகளின் உலகில் இத்தகைய பொது ஒப்பந்தம் தொடக்கத்தில் இருக்கவே இல்லை. அந்த உலகைப் புரிந்துகொள்ளப் பெங்களூருவிலேயே பிறந்த ஒரு கருவியைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து அமைத்த சிம்ப்யூட்டர் அறக்கட்டளை, எழுத்தறிவு குறைந்தவரும் தம் மொழியில் பயன்படுத்தத்தக்க, குறைந்த விலையிலான கையடக்கக் கணினி ஒன்றை உருவாக்க முனைந்து, 2001இல் அதன் முன்மாதிரியை வெளியிட்டது. அதன் உள்ளே 206 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் இன்டெல் ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்.ஏ.-1110 சில்லும், 32 எம்.பி. நினைவகமும், 320க்கு 240 புள்ளிகள் கொண்ட ஒருநிறத் தொடுதிரையும், ஸ்மார்ட் கார்டு வாசிப்பியும் இருந்தன, இயங்குதளம் லினக்ஸ். பேராசிரியர்கள் தொடங்கிய பிகோபெட்டா நிறுவனம் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பில் 2004இல் ‘அமிடா சிம்ப்யூட்டர்’ என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கருவியைக் கையில் சாய்த்தால் உணர்ந்துகொள்ளும் அசைவுணரி அதில் இருந்தது என்பதை, தொடுதிரைக் கைபேசிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வணிகத்தில் அது எதிர்பார்த்த எண்ணிக்கையை எட்டவில்லை. அதன் காரணங்கள் வேறொரு கட்டுரைக்கு உரியவை.

அந்தக் காலத்து லினக்ஸுக்கு ஓர் ஆர்ம் பலகை தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொண்டது என்பது இன்று பலருக்குத் தெரியாத செய்தி. மின்சாரம் வந்தவுடன் இயங்கத் தொடங்கும் பூட்லோடர் என்னும் சிறு நிரல், கெர்னலை நினைவகத்தில் ஏற்றிவிட்டு, செயலியின் மூன்று பதிவகங்களில் மூன்று செய்திகளை விட்டுச் செல்லும்: முதலாவதில் வெறும் சுழி, இரண்டாவதில் பலகையின் அடையாள எண், மூன்றாவதில் ‘ஏ-டேக்’ என்று வழங்கிய ஒரு பட்டியலின் முகவரி. நினைவகம் எங்கே தொடங்கி எவ்வளவு நீள்கிறது, கெர்னலுக்கான தொடக்க அளபுருக்கள் யாவை என்பன போன்ற சிலவே அந்தப் பட்டியலில் இருக்கும். அடையாள எண்ணை ஆர்ம் லினக்ஸின் பொறுப்பாளர் ரசல் கிங் பராமரித்த பொதுப் பதிவேட்டில் பதிந்து பெற வேண்டும். அந்த எண்ணைக் கண்ட கெர்னல், தனக்குள்ளேயே சி மொழியில் எழுதப்பட்டிருக்கும் அந்தப் பலகைக்குரிய கோப்பைத் தேடி எடுத்து, அதில் சொன்னபடி எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளும். வேறு விதமாகச் சொன்னால், பலகையைப் பற்றிய அறிவு பலகையில் இருக்கவில்லை; கெர்னலின் மூல நிரலுக்குள் உறைந்திருந்தது. அத்தகைய கோப்பு இல்லாத பலகைக்கு அந்தக் கெர்னல் பயன்படாது. கோப்பு இருந்தாலும், பலகையில் ஒரு கம்பி மாறினால் கெர்னலையே மீண்டும் தொகுக்க வேண்டும்.

பலகைகள் சில பத்துகளாக இருந்தவரை இது தாங்கியது. கைபேசிகளின் பெருக்கத்தால் அவை ஆயிரக்கணக்கில் வளர்ந்தபோது, ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட கோப்புகள் குவிந்தன; 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஆர்ம் பகுதியின் இந்த நிலையைக் கடுமையாகவே கண்டித்தார். தீர்வு ஏற்கெனவே வேறிடத்தில் கனிந்திருந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் மிட்ச் பிராட்லி உருவாக்கிய ஓப்பன் ஃபர்ம்வேர், வன்பொருளை ஒரு மரத்தின் வடிவில் கெர்னலுக்கு அளித்தது. அது 1994இல் ஐ.இ.இ.இ. 1275 என்ற தரநிலையாயிற்று. அந்த மரத்தை, முழு ஃபர்ம்வேர் இல்லாத சிறு பலகைகளும் பயன்படுத்தும்படி ஒரே தட்டையான கோப்பாக மாற்றும் முறையை, 2005இல் பவர்பிசி லினக்ஸுக்காகப் பெஞ்சமின் ஹெரன்ஷ்மிட் முதலியோர் வகுத்தனர். ஆர்ம் உலகம் அதைத் தழுவியது. 2012 டிசம்பரில் வெளியான 3.7ஆம் பதிப்பிலிருந்து, வெவ்வேறு நிறுவனங்களின் சில்லுகளில் ஒரே கெர்னல் இயங்குவது கைகூடிற்று.

டிவைஸ் ட்ரீ என்று இன்று எல்லோரும் வழங்கும் அந்த மரம் நிரல் அன்று. அது ஓர் ஆவணம். ஒவ்வொரு சாதனமும் ஒரு கணு. கணுவுக்குள் அதன் பண்புகள். ‘காம்பேட்டிபிள்’ என்ற பண்பு, இச்சாதனம் எந்த மாதிரியைச் சேர்ந்தது, அதற்கு முந்தைய எந்த மாதிரியோடு ஒத்துப்போகும் என்பதைக் குறுகியதிலிருந்து பொதுவானதை நோக்கி வரிசையாகச் சொல்லும். கெர்னல் அதைப் பார்த்தே டிரைவரைத் தேர்ந்தெடுக்கும். ‘ரெக்’ என்பது முகவரியும் நீளமும். ‘இன்டரப்ட்ஸ்’ என்பது குறுக்கீட்டு எண். மனிதர் படிக்கும் உரைக்கோப்பைத் தொகுத்து இரும வடிவாக்கினால், ஏ-டேக் பட்டியலின் முகவரி இருந்த அதே மூன்றாவது பதிவகத்தில் பூட்லோடர் அந்த இரும மரத்தின் முகவரியை வைத்துவிடும். பழைய வாசலையே புதிய முறையும் பயன்படுத்திக்கொண்டது என்பது இதன் நேர்த்திகளுள் ஒன்று.

இன்று ஒருவர் சிம்ப்யூட்டருக்கு அத்தகைய மரம் ஒன்றை எழுத முற்பட்டால், சில்லைப் பொறுத்தவரை அவருடைய வழி ஓரளவு செப்பமானது, ஏனெனில் எஸ்.ஏ.-1110க்கு இன்டெல் விரிவான கையேட்டை வெளியிட்டிருந்தது. முதலில் நினைவகம். அது முகவரிப் பரப்பின் 3 ஜி.பி. எல்லையில் தொடங்குகிறது, அங்கிருந்து 128 எம்.பி.க்கு ஒன்றாக நான்கு வரம்புகள், நினைவகத்தின் நான்கு வங்கிகளுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரு பலகையில் 64 எம்.பி. இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது. இரண்டு வங்கிகளில் தலா 32 எம்.பி. பொருத்தியிருந்தால், இரண்டுக்கும் நடுவே பெரும் வெற்றிடம் விழுகிறது. அதை அறியாமல் தொடர்ச்சியாக 64 எம்.பி. இருப்பதாக நம்பிய கெர்னல், இல்லாத நினைவகத்தில் எழுதப் போய் ஓசையின்றி விழுந்துவிடும். திரையில் ஒரு சொல்கூட வந்திராத நிலையில் நேரும் இந்த வீழ்ச்சியே பிரிங்-அப் வேலையில் ஈடுபடுவோரை மிகுதியும் வருத்துவது.

ஆகவேதான் நினைவகத்துக்கு அடுத்தபடியாக எவரும் தொடர் வாயிலையே நாடுகிறார்கள். கெர்னல் தன் முதல் சொற்களை அந்த வழியாகத்தான் வெளியே அனுப்ப முடியும். எஸ்.ஏ.-1110இன் மூன்றாவது தொடர் வாயில் பதினாறடிமான முறையில் 80050000 என்ற முகவரியில் தொடங்குகிறது. அதன் குறுக்கீட்டு எண் 17. அதற்கு வரும் கடிகாரத் துடிப்பு 3.6864 மெகாஹெர்ட்ஸ். இந்த விசித்திரமான எண் தற்செயலானதன்று: அதை 16ஆல் வகுத்தால் 2,30,400 வரும், அதை மேலும் 2ஆல் வகுத்தால் வினாடிக்கு 1,15,200 பிட்டுகள் என்ற புகழ்பெற்ற வேகமும், 24ஆல் வகுத்தால் 9,600உம் மிச்சமின்றிக் கிடைக்கும். இதே துடிப்பே கெர்னல் நேரத்தை எண்ணப் பயன்படுத்தும் கணக்கியையும் ஓட்டுகிறது. மரத்தில் இந்த எண்ணைத் தவறாக எழுதினால் கெர்னல் இயங்கும், ஆனால் தொடர் வாயிலில் வருவது வாசிக்க முடியாத குப்பையாக இருக்கும். விவரிப்பில் ஓர் எண் பிசகியதற்கு வன்பொருள் பழுதென்று பொருள்கொண்டு நாள்கணக்கில் பலகையைச் சோதிப்போர் உண்டு, பெங்களூருவின் எஸ்.பி. சாலைக் கடைகளில் வாங்கிய பழைய பலகைகளில் எத்தனை, உண்மையில் நல்ல நிலையில் இருந்தும் இவ்வாறு ஒதுக்கப்பட்டன என்று கணக்கிட வழியில்லை.

கையேடு இதுவரை துணைவரும். சில்லின் எல்லையைத் தாண்டிப் பலகைக்கு வந்ததும் அதன் உதவி நின்றுவிடுகிறது. எஸ்.ஏ.-1110இல் 28 பொதுப்பயன் பின்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் பலகை வடிவமைப்பாளர் தம் விருப்பப்படி எதனோடும் இணைக்கலாம். தொடுதிரையில் விரல் பட்டதைத் தெரிவிப்பது எந்தப் பின், ஸ்மார்ட் கார்டு செருகப்பட்டதை உணர்த்துவது எது, திரையின் பின்னொளியை ஏற்றி அணைப்பது எது என்பவற்றை எந்தச் சில்லுக் கையேடும் சொல்லாது. அந்தப் பின்களிலும் நுட்பமான வேறுபாடு உண்டு: 0 முதல் 10 வரையிலான ஒவ்வொன்றுக்கும் தனிக் குறுக்கீடு இருக்க, 11 முதல் 27 வரையிலானவை அனைத்தும் ஒரே குறுக்கீட்டைப் பகிர்ந்துகொள்கின்றன, பின் எண்ணை ஒன்று தவறவிட்டால் விவரிப்பின் அமைப்பே மாறிவிடலாம். திரையைப் பற்றியும் இவ்வாறே. ஒருநிறத் திரைக்குச் சில தரவுக் கம்பிகள் போதும். 16 கம்பிகள் வேண்டிய வண்ணத் திரையை இச்சில்லில் இணைத்தால், 2 முதல் 9 வரையிலான பின்களைத் திரை எடுத்துக்கொள்ளும். ஒருநிறத் திரையோடும் வண்ணத் திரையோடும் வந்த அமிடா போன்ற ஒரு குடும்பத்துக்கு, பெயர் ஒன்றாக இருந்தாலும் மரம் ஒன்றாக இருக்க முடியாது என்பது இதனால் விளங்கும். பொதுப் பகுதியை ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொரு மாதிரியின் தனித்தன்மையையும் அதைச் சேர்த்துக்கொள்ளும் வேறு கோப்புகளில் எழுதுவதே டிவைஸ் ட்ரீயின் வழக்கம்.

இப்படி எழுதாமல் விட்டால் என்ன நேரும் என்பதைக் கடந்த சில ஆண்டுகளின் லினக்ஸ் வரலாறு காட்டுகிறது. ஆர்ம் பகுதியில் இன்னும் சி மொழிக் கோப்புகளை நம்பியிருந்த பழைய பலகைகளை 2022இல் ‘பயன்பாட்டில் இல்லாதவை’ என்று குறியிட்டு, பயன்படுத்துவோர் இருந்தால் முன்வந்து சொல்லுமாறு கெர்னல் பராமரிப்பாளர்களுள் ஒருவரான ஆர்ன்ட் பெர்க்மன் கேட்டுக்கொண்டார். எவரும் உரிமை கோராத நூற்றுக்கும் மேற்பட்ட பலகைகள் 2023 ஏப்ரலில் வெளியான 6.3ஆம் பதிப்பில் நீக்கப்பட்டன, எஸ்.ஏ.-1110ஐ உள்ளடக்கிய எஸ்.ஏ.-1100 குடும்பத்தின் பல பலகைகளும் அவற்றுள் அடங்கும். பெங்களூருவுக்கு நெருங்கிய தொடர்புடைய இன்னொரு குடும்பமும் அந்தப் பட்டியலில் இருந்தது: 1985 முதல் இந்நகரில் இயங்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டாவின்சி சில்லுகள். அவற்றுள் டிவைஸ் ட்ரீக்கு மாற்றி எழுதப்பட்ட டிஏ850 கெர்னலில் நிலைத்தது. மாற்றப்படாத பழைய உறுப்பினர்களின் பலகைக் கோப்புகள் போயின. செயல்திறனில் அவை மிகவும் பின்தங்கியவை என்பதால் இந்தத் தேர்வு நிகழவில்லை. விவரிப்பு நிரலுக்குள் கிடந்ததா, வெளியே ஆவணமாக நின்றதா என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தது. நீக்கத்தைக் குறைகூற முடியாது. யாரும் சோதிக்காத நிரலைத் தலைமுறை தலைமுறையாகச் சுமப்பது பராமரிப்பாளர்களுக்குத் தண்டனை. குறை வேறிடத்தில் இருக்கிறது: இந்தியாவில் வடிவமைத்த வன்பொருளின் விவரிப்பை இந்தியாவிலேயே பேணும் வழக்கம் வேரூன்றவில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலித் திட்டத்தில் 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டிய ‘ரைஸ்க்ரீக்’ சில்லு, இவ்வகையில் வேறொரு தலைமுறையைச் சேர்ந்தது. அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பில், எந்தச் செயலிக்கரு தொடங்குகிறது என்ற எண்ணையும் டிவைஸ் ட்ரீயின் முகவரியையும் இரண்டு பதிவகங்களில் கெர்னலுக்குத் தருவது தொடக்க முறையின் பகுதியாகவே வகுக்கப்பட்டுள்ளது. சிம்ப்யூட்டருக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. அது பிறந்தபோது ஆர்ம் லினக்ஸில் அப்படி ஒரு மரமே கிடையாது.

எனினும் சிம்ப்யூட்டருக்கு வேறொரு நற்பேறு உண்டு. அதன் அறக்கட்டளை, கட்டற்ற மென்பொருள் உரிமத்தை முன்மாதிரியாகக் கொண்டு, வன்பொருள் வடிவமைப்பையும் பகிர்வதற்கென ‘சிம்ப்யூட்டர் பொது உரிமம்’ என்ற ஒன்றை வகுத்தது. வன்பொருளுக்கென அத்தகைய உரிமத்தை அக்காலத்திலேயே எழுதியவர்கள் உலகில் மிகச் சிலரே. பின் எண்களைச் சொல்லக்கூடிய சுற்றுப்படங்கள் பொதுவில் நிலைக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கருவியின் பிறப்பிலேயே இருந்தது என்பதால், அதன் மரத்தை எழுதுவது அதன் நோக்கத்துக்கு ஒத்த செயலேயாகும். 1999 முதல் இயங்கிவரும், எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே அமைந்துள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற ஒரு கல்விக்கூடத்தில், முதுநிலை மாணவர் ஒருவருக்கு ஒரு பருவத்துக்குரிய வேலை இது. நினைவகம், குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி, கணக்கி, மூன்றாம் தொடர் வாயில் என்ற நான்கு கணுக்களைக் கையேட்டிலிருந்து முதலில் எழுதி, கெர்னலின் முதல் சொற்கள் வரும்வரை அவற்றைத் திருத்தலாம். பின்னர் ஃபிளாஷ் நினைவகம், திரை, தொடுதல், அட்டை வாசிப்பி என ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். இடையில் பின் எண் தெரியாத இடங்களில், பலகையை அணைத்துவிட்டு மல்டிமீட்டரால் தடத்தைத் தொடர்ந்து சென்று சில்லின் எந்தக் காலில் அது முடிகிறது என்று பார்க்க வேண்டியிருக்கும். எஸ்.ஏ.-1110 சில்லின் கால்கள் அதன் அடிப்புறத்தில் உருண்டைகளாக மறைந்திருக்கும் வகையானால், அந்த வழியும் அடைபட்டு, அசல் சுற்றுப்படம் ஒன்றே துணையாகும். அதைக் கண்ணால் கண்ட பொறியாளர்கள் இந்நகரில் இன்னும் இருக்கும்போதே அதைக் கேட்டுப் பெற்று வைத்துக்கொள்வது நல்லது.